கிழித்து ஒட்டினால் ஆச்சா? அரூப ஒட்டுச்சித்திரத்தில் தவிர்க்க வேண்டிய பிழைகள்

மார்க் பிராட்ஃபோர்டின் பெரிய படைப்பொன்றைக் கைபேசியில் காட்டினேன். "கிழிஞ்ச நோட்டீஸ்தானே சேர்" என்றான் கிளிநொச்சிப் பெடியன் ஒருவன். சரியான பதில். 1961இல் லொஸ் ஏஞ்சல்ஸில் பிறந்த அந்தக் கலைஞர் தெருவில் ஒட்டப்பட்ட விளம்பரத் தாள்களைத்தான் எடுக்கிறார். பிழை அடுத்த அரை மணித்தியாலத்தில் நடந்தது. பெடியன் பழைய பேப்பரைக் கிழித்து, பிறிஸ்டல் போட் என்ற தடித்த அட்டையில் ஒட்டி, "அரூபம் முடிஞ்சுது" என்று கொண்டுவந்து நீட்டினான். அரூபம் என்றால் எந்தப் பொருளின் உருவத்தையும் காட்டாத படம். பிராட்ஃபோர்ட் தாள்மேல் தாளாக ஒட்டி, இடையில் கயிறு புதைத்து, பிறகு இயந்திரத்தில் மணற்கடதாசி பூட்டித் தேய்த்து, அடியில் கிடந்த நிறத்தை மேலே கொண்டுவருகிறார். நாம் ஒட்டியதோடு எழும்பிவிடுகிறோம்.

வெளிநாட்டுக் கடதாசி இல்லாமல் இந்த வேலை சரிவராது என்று நினைப்பதும் பிழை. பிராட்ஃபோர்ட் தொடக்கத்தில் பயன்படுத்தியது, தன் தாயின் சிகையலங்கார நிலையத்தில் முடியைச் சுருட்டும்போது வைக்கும் மெல்லிய தாள்களை. ஓரத்தைச் சற்றுக் கருக்கினார், அது கோடாகிவிட்டது. நம்மிடம் சீமெந்துப் பை இருக்கிறது. வீட்டுத்திட்டங்கள் நடந்த காலத்தில் வன்னியில் அது கிடக்காத வளவு இல்லை. தூசியை நன்றாகத் தட்டி, உள் அடுக்கை உரித்து எடுத்தால், மண்ணிறத்தில் உறுதியான தாள். கையில் எடுக்க வேண்டாதது செய்தித்தாள். மரக்கூழில் உள்ள லிக்னின் வெயிலிலும் காற்றிலும் அதை மஞ்சளாக்கி நொறுக்கிவிடும். கோயில் நோட்டீஸிலும் கவனம் வேண்டும். மதிலில் கிடந்த பழைய தேர்தல் சுவரொட்டி நீலமாக மாறியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். மஞ்சளும் சிவப்பும் முதலில் வெளிறும், நீலம் மிஞ்சும். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் நோட்டீஸின் சிவப்பை நம்பி ஒரு படத்தைக் கட்டினால், சில வருடத்தில் அந்தப் படம் வேறு படம்.

இனிப் பசை. நான் அதிகம் பட்டது இதில்தான். முதல் வேலைகளைக் கோதுமை மாப் பசையில் ஒட்டினேன், மலிவு, கைக்கு இதம். மார்கழி வந்தது. மழையில் மாவில் பூஞ்சணம் பிடித்தது, மிச்சத்தைக் கரப்பொத்தானும் இராமபாணப் பூச்சியும் பார்த்துக்கொண்டன. மயில்துத்தம் கலந்தால் பூச்சி வராது என்று முன்பு கொப்பி கட்டியவர்கள் சொல்வார்கள். அது நஞ்சு, பிள்ளைகள் இருக்கும் வகுப்பறைக்கு வேண்டாம். வெள்ளை நிறப் பைண்டர் கம்மே போதும். அதையும் போத்தலிலிருந்து நேரே ஊற்றக்கூடாது. சிறிது தண்ணீர் விட்டு, தூரிகையால் ஓரம்வரை மெல்லியதாகப் பூச வேண்டும்.

பூசியவுடன் ஒட்டுவது அடுத்த பிழை. ஈரம் பட்ட தாள் விரியும். விரிந்து முடியுமுன் ஒட்டினால் அட்டையிலேயே விரிந்து கொப்பளிக்கும். இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். தாளுக்கு நார் ஓடும் திசையும் உண்டு. துண்டொன்றை நனைத்தால் எந்தப் பக்கம் சுருள்கிறது என்று பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். சுருளின் நீளம் போகும் திசையே நாரின் திசை. அடியட்டையின் நாரும் மேல்தாளின் நாரும் ஒரே பக்கம் இருந்தால் வளைவு குறையும். அட்டையின் பின்புறத்திலும் ஒரு தாளை ஒட்டினால் இழுவை இரண்டு பக்கமும் சமமாகும். ஐப்பசி தொடங்கித் தை வரை நம் காற்றில் ஈரம் அதிகம், கல் பாரம் வைத்து இரண்டு நாளாவது காயவிடுங்கள். அவசரத்துக்கு வெயிலில் போட்டவர்கள் அப்பளம் சுட்டவர்கள்தான்.

ஜேர்மன்-பிரெஞ்சுக் கலைஞர் ஹான்ஸ் ஆர்ப்பின் பழைய ஒட்டுச்சித்திரங்களும் கறைபட்டுக் கொப்பளித்துத்தான் போயின. அவர் அதைக் கண்டு 1930களில் கிழித்த தாளுக்கு மாறி, சிதைவையும் வேலைக்குள் சேர்த்துக்கொண்டார். அதைச் சொல்லி நம் அவசரத்துக்கு நியாயம் தேட வேண்டாம்.

அமைப்பில் வரும் பிழைகளில் மோசமானது, வைத்தவுடன் ஒட்டுவது. பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் வெட்டிய வண்ணத் தாள்களைச் சுவரில் ஊசியால் குத்தி, நாட்கணக்கில் இடம் மாற்றிப் பார்த்தார். நாமும் குண்டூசியால் குத்திவைக்கலாம். சோளகக் காற்று வீசும் மாதத்தில் யன்னலைச் சாத்துங்கள், இல்லாவிட்டால் படம் முற்றத்தில் இருக்கும். கைபேசியில் கறுப்பு வெள்ளையாக ஒரு படம் எடுத்துப் பாருங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், நிறம் மட்டும் மாறியிருக்கிறது, வெளிச்சம் மாறவில்லை. எழுத்துள்ள தாளை நிமிர்த்தி வைத்தால் பார்ப்பவர் படத்தை விட்டு வாசிக்கத் தொடங்குவார். தமிழெழுத்தைத் தலைகீழாக்கினால் வளைவுகள் மட்டும் மிஞ்சும். அச்சுத்தாளைக் கிழிக்கும்போது ஒரு துண்டில் வெள்ளை ஓரம் விழும், மற்றதில் விழாது. எது வேண்டும் என்று முதலில் ஒரு துண்டில் பழகுங்கள்.

வன்னியிலிருந்து வரும் எந்தக் கிழிசலையும் போர் முடிந்த 2009 என்று வாசிக்கும் பழக்கம் வெளியாருக்கு உண்டு. அதற்கு ஏற்ப நாமும் சிவப்புத் தாளும் தலையறுந்த பனையும் வைக்கிறோம். போரைப் பற்றிச் செய்யாதீர்கள் என்று சொல்லவில்லை, செய்பவர்கள் செய்யட்டும். ஆனால் மூலையில் பனை வந்த நிமிடமே அது அரூபம் இல்லை. இரணைமடுக் குளத்துத் தண்ணீரின் சாம்பல் நீலத்தை மட்டும் ஒருவர் ஆறு தாளில் தேடினால், அதற்கும் இங்கே இடம் இருக்க வேண்டும்.

ஒன்றில் மட்டும் நான் கண்டிப்பு. இடம்பெயர்ந்தபோது பொலித்தீனில் சுற்றிக் கொண்டுவந்த காணி உறுதியையும் பிறப்புப் பத்திரத்தையும் வெட்டாதீர்கள். போட்டோக் கொப்பி எடுங்கள். அதன் கறுப்புத் தண்ணீருக்குக் கரையாது. வீட்டுக் கலர் பிரிண்டரில் எடுத்தது பெரும்பாலும் ஊறிவிடும்.

பிரேம் போடும்போது கண்ணாடி தாளைத் தொடவிடாமல் நடுவில் அட்டைச் சட்டம் வையுங்கள். சுவருக்கும் பிரேமுக்கும் இடையே இரண்டு சிறு மரத்துண்டு, சுவரின் ஈரம் படாமல் இருக்க. கையெழுத்தை முன்னால் பேனையால் பெரிதாகப் போடாமல், பின்னால் பென்சிலால் பெயரும் திகதியும் எந்தத் தாள் எங்கே எடுத்தது என்றும் எழுதிவையுங்கள்.