முதல் கில்ட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன சனிக்கிழமை காலை ஸ்காட்லாந்தின் எடின்பரோ வேவர்லி ரயில் நிலையத்தில் ஓர் இளைஞரைப் பார்த்தேன். திருமணத்துக்குப் போகிற கோலம்: கறுப்புக் கோட்டு, பளபளக்கும் ஷூ, புத்தம்புது கில்ட் (ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பைச் சுற்றிக் கட்டும், முழங்கால்வரை வரும் கொசுவம் வைத்த உடை). ஆனால் கில்ட்டின் கீழ் ஓரம் முழங்காலைத் தாண்டிக் கெண்டைக்காலில் உரசிக்கொண்டிருந்தது. பின்பக்கக் கொசுவங்கள் விசிறிபோல் பிளந்து நின்றன. வெயிஸ்ட்கோட்டுக்குக் கீழே வெள்ளைச் சட்டை நான்கு விரல் அகலத்துக்கு வெளியே தெரிந்தது. இரண்டு படிக்கு ஒருமுறை நின்று கில்ட்டை மேலே இழுத்துவிட்டுக்கொண்டே ஏறினார். பதினோரு ஆண்டுகளுக்கு முன் இதே ஊரில் நான் நடந்த நடை அது.

இப்போது கில்ட் வாடகைக்கு விடும் கடையொன்றில் அளவெடுக்கும் வேலை பார்க்கிறேன். முதல் முறை அணிகிறவர்கள் வரிசையாக வந்து நான் செய்த தவறுகளையே செய்கிறார்கள். கொசுவத்தை முன்னால் வைத்துக் கட்டுவது, ஓட்டப்பந்தய ஷூ போட்டுக்கொண்டு வருவது போன்றவற்றைக் கண்ணாடியே காட்டிக்கொடுத்துவிடும். கண்ணாடிக்குத் தெரியாதவை சில இருக்கின்றன.

ஜீன்ஸ் அளவைச் சொல்லி கில்ட் வாங்குவது

பணத்தைத் தின்கிற தவறு இதுதான். இதைச் செய்துவிட்டு ஒருவர் வந்து நிற்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. ஓர் அளவு நாடாவும் ஐந்து நிமிடமும் போதும், அவர் பணம் தப்பியிருக்கும்.

ஜீன்ஸ் இடுப்பெலும்பில் நிற்கிற உடை. கில்ட் தொப்புளுக்கு நேராக, சிலருக்கு அதற்கும் ஒரு விரல் மேலே நிற்கிற உடை. போதாக்குறைக்கு, ஜீன்ஸில் அச்சிட்ட எண்ணை நம்பவே முடியாது. 32 என்று போட்டிருப்பதை நாடா வைத்துப் பார்த்தால் 34 இருக்கும். நான் அந்த 32ஐச் சொல்லித்தான் என் முதல் கில்ட்டை வரவழைத்தேன். தொப்புளைச் சுற்றி என் அளவு 36. உயரத்தை மட்டும் கடையின் அட்டவணையைப் பார்த்து 24 அங்குலம் என்று சரியாகக் கொடுத்திருந்தேன். எட்டு கெஜக் கம்பளி, கையால் தைத்தது, நானூறு பவுண்டுக்கு மேல் விலை, ஆறு வாரக் காத்திருப்பு. பார்சலைப் பிரித்து, தொப்புளில் வைத்து வாரை இழுத்தேன், பக்கிளுக்கு எட்டவில்லை. வயிற்றுக்குக் கீழே இறக்கினேன், எட்டியது. அப்படியே நண்பன் கல்யாணத்துக்குப் போய்விட்டேன்.

இறக்கிக் கட்டினால் என்ன கெடுகிறது? கில்ட்டின் பின்பக்கக் கொசுவங்கள் மேலிருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்குத் தைத்து மூடியிருக்கும். ஒவ்வொரு கொசுவமும் இடுப்பில் குறுகலாகத் தொடங்கி, பிட்டம் அகலும் இடத்துக்கு வரும்போது தானும் அகன்று, அங்கே தையல் நின்றுவிடும். அதற்குக் கீழே துணி விடுதலையாக ஆடும். நடக்கும்போது கில்ட்டுக்கு வரும் அந்த அழகான வீச்சு முழுவதும் தையல் எந்த இடத்தில் முடிகிறது என்பதைப் பொறுத்தது. நான்கு அங்குலம் இறக்கினால், பிட்டத்துக்கென்று விட்ட அகலம் தொடைக்குப் போய்விடும். குறுகலான பகுதி பிட்டத்தின்மேல் இழுபட்டுக் கொசுவங்கள் வாய் பிளக்கும். கீழ் ஓரம் முழங்காலை மூடும். நாள் முழுக்க நழுவிக்கொண்டே இருக்கும்.

வெட்டிக் குட்டையாக்கிவிடலாம் என்ற நினைப்பில், கில்ட் தைக்கும் ஒரு வயதான அம்மையாரிடம் கொண்டுபோனேன். மேசைமேல் கவிழ்த்துப் போட்டு, கீழ் ஓரத்தைக் கட்டைவிரலால் நீவிக் காட்டினார். அங்கே மடித்துத் தைத்த தையலே இல்லை. தறியில் ஊடை நூல் திரும்புகிற கரைதான் கில்ட்டின் விளிம்பு. அதை வெட்டினால் நூல் நூலாகப் பிரிந்துவிடும். குட்டையாக்க வேண்டுமென்றால் மேலிருந்து குறைக்க வேண்டும்: இடுப்புப் பட்டை, உள்ளே வைத்த கேன்வாஸ், இருபது முப்பது கொசுவங்கள், எல்லாவற்றையும் பிரித்து மறுபடி தைக்க வேண்டும்.

"அகலமாக்க முடியுமா?" என்று கேட்டேன். உள்துணியின் ஓரத்தைச் சற்றுப் பிரித்துக் காட்டினார். இடுப்பில் தடிமன் சேராமல் இருக்க, கொசுவத்தின் உள்மடிப்புத் துணியை மேல்பகுதியில் வெட்டியே எடுத்திருந்தார்கள். பிரித்து விடுவதற்கு அங்கே துணி இல்லை. வாரை இடம் மாற்றித் தைத்தால் ஓர் அங்குலம், மிஞ்சினால் இரண்டு கிடைக்கும் என்றார். எனக்கு நான்கு வேண்டியிருந்தது. அந்தக் கில்ட் இன்னும் என் அலமாரியில் கிடக்கிறது.

வேவர்லி இளைஞரிடம் போய்ப் பேசினேன். "எந்த அளவு சொன்னீர்கள்?" என்றேன். "ஜீன்ஸ் அளவு" என்றார். வாரை மிச்சமிருந்த கடைசித் துளைக்குத் தளர்த்தி, கில்ட்டை மேலே இழுத்துப் பார்த்தோம். ஓர் அங்குலம்தான் ஏறியது.

ஆகவே அளவை இப்படி எடுங்கள். ஜீன்ஸையும் பெல்ட்டையும் கழற்றிவிடுங்கள். நாடாவை வேறொருவர் பிடிக்கட்டும். நீங்களே குனிந்து பார்த்தால் வயிறு மடிந்து அளவு மாறும். தொப்புளுக்கு நேராக ஒரு சுற்று, மூச்சை உள்ளே இழுக்காமல். பிட்டத்தின் மிக அகன்ற இடத்தில் ஒரு சுற்று. பிறகு தரையில் முழந்தாளிட்டு, முதுகை நிமிர்த்தி, தொப்புளிலிருந்து தரைக்கு ஓர் அளவு. கில்ட் வந்ததும் அதை அணிந்து அதேபோல் முழந்தாளிட்டுப் பாருங்கள். ஓரம் தரையில் தொட்டும் தொடாமலும், கூடிப்போனால் ஓர் அங்குலம் மேலே நிற்க வேண்டும். அளவு நாடாவைத் தொடாமல், "உங்கள் பேண்ட் சைஸ் என்ன?" என்று மட்டும் கேட்கிற கடையிலிருந்து வெளியே வந்துவிடுங்கள்.

கீழ் ஓரம் ரொம்ப மேலே போனாலும் ஆபத்துதான். 1822இல் மன்னர் நான்காம் ஜார்ஜ் எடின்பரோவுக்கு வந்தார். வரவேற்பை ஏற்பாடு செய்தவர் எழுத்தாளர் வால்டர் ஸ்காட். மன்னர் அணிந்த கில்ட் முழங்காலுக்கு வெகு மேலே நின்றது, உள்ளே தோல்நிறக் காலுறை. கேலிச்சித்திரக்காரர்கள் அவரை விடவில்லை. இருநூறு ஆண்டுகள் கழித்தும் அந்த வருகையைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்தக் காலுறையை மறப்பதில்லை.

பிரிக்காத நூல்

புதிய கில்ட் வரும்போது கொசுவங்கள் கலையாதிருக்கக் குறுக்கே ஓட்டுத் தையல் போட்டிருப்பார்கள், பெரும்பாலும் வெள்ளை நூலில். அதைப் பிரித்துவிட்டுத்தான் அணிய வேண்டும். அலங்காரம் என்று நினைத்து அப்படியே விருந்துக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களால் ஒழுங்காக எட்டு வைக்கவே முடியவில்லை. கத்தரிக்கோலால் நூலை ஆங்காங்கே நறுக்கி மெதுவாக உருவுங்கள். ஒரே இழுப்பாக இழுத்தால் கம்பளி இழையும் கூடவே வரும்.

குத்தூசி

கில்ட்டின் முன்பக்கத்தில் இரண்டு மடல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வரும். குத்தூசியை மேல் மடலில் மட்டும், வலது கீழ் மூலையில் குத்துங்கள். இரண்டு மடலையும் சேர்த்துக் குத்தினால் உட்காரும்போது கிழியும்.

மெல்லிய துணியை வாங்கிவிட்டுக் காற்றைத் திட்டுவது

எட்டு கெஜக் கம்பளி கில்ட் ஏறத்தாழ இரண்டு கிலோ கனக்கும். எடின்பரோவின் சாதாரணக் காற்று அதை அசைக்கும், தூக்காது. சுற்றுலாப் பயணிகளுக்கென்று விற்கும் மெல்லிய செயற்கை இழைக் கில்ட்டுகள்தான் பறக்கின்றன. புகைப்படத்துக்கு அது போதும். தெருவில் நாள் முழுக்க நடக்கப் போதாது. கையில் பணம் குறைவென்றால், அதை வாங்குவதைவிட நல்ல கம்பளியை ஒருநாள் வாடகைக்கு எடுங்கள்.

வேட்டி கட்டிப் பழகியவர்களுக்கு ஒரு வார்த்தை. காற்றடித்தால் நம் கை தானாகக் கீழே போய் ஓரத்தைப் பிடிக்கும். படியைக் கண்டால் ஒரு பக்கத்தைத் தூக்கிக்கொள்ளும். எனக்கு அந்தப் பழக்கம் போக ஒரு வருடம் ஆனது. கில்ட்டில் முன்பக்கக் கவலையை ஸ்போரன் பார்த்துக்கொள்கிறது. இடுப்பில் சங்கிலியோடு தொங்கும் அந்தப் பையின் கனமே முன்மடலை அமுக்கி வைக்கும். பெல்ட் பக்கிளுக்குக் கீழே நான்கு விரல் இடைவெளியில் அது தொங்கட்டும். அதற்கும் கீழே இறக்கினால் நடக்கும்போது தொடையில் இடித்துக்கொண்டே இருக்கும்.

உட்காருவது

புறங்கையால் பின்பக்கக் கொசுவத்தை மேலிருந்து கீழாக ஒருமுறை நீவிவிட்டு உட்காருங்கள். இல்லையென்றால் எழுந்திருக்கும்போது கொசுவம் கசங்கிக் கோணலாக நிற்கும், வெறும் தொடை குளிர்ந்த நாற்காலியில் ஒட்டும். உட்கார்ந்த பின் முன்மடலும் ஸ்போரனும் தொடைகளுக்கு நடுவே விழட்டும். வீட்டிலேயே இருபது முறை செய்து பார்த்துவிட்டு வெளியே வாருங்கள். தாழ்வான காரிலிருந்து இறங்குவதையும் பழகிக்கொள்ளுங்கள்: முழங்கால்களைச் சேர்த்து வைத்து, இரண்டு கால்களையும் ஒன்றாக வெளியே எடுக்க வேண்டும்.

உள்ளாடை

அணியுங்கள். வாடகைக் கில்ட் என்றால் கட்டாயம் அணியுங்கள். உங்களுக்கு முன்னும் பின்னும் அதை வேறொருவர் அணிகிறார்.

சாக்ஸில் செருகும் கத்தி

ஸ்கீயன் டூ என்னும் சிறு கத்தியை வலக்கைக்காரர்கள் வலது காலின் சாக்ஸில், பிடி மட்டும் தெரியும்படி செருகுவார்கள். பொது இடத்தில் கத்தி வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டத்தில் தேசிய உடையின் அங்கமாக வைத்திருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. அந்த விலக்கு விமானத்துக்குள் செல்லாது. திருமணத்துக்குப் பறந்து வருகிறவர்கள் கைப்பையில் வைத்துக்கொண்டு வந்து பாதுகாப்புச் சோதனையில் பறிகொடுக்கிறார்கள். பெட்டியில் வைத்து அனுப்புங்கள்.

எந்த டார்டன்?

டார்டன் என்பது கில்ட் துணியின் கட்டம்போட்ட வடிவம். ஸ்காட்லாந்துக் குலங்கள் பலவற்றுக்குத் தனித்தனி டார்டன் உண்டு. "எங்களுக்கு இதை அணிய உரிமை உண்டா?" என்று நம்மவர்கள் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். 1746 சட்டம் ஸ்காட்லாந்தின் மலைநாடான ஹைலேண்டின் ஆண்களுக்கே இந்த உடையைத் தடை செய்தது. அது விலக 1782 வரை ஆனது. அப்படி மீண்டு வந்த உடையை மதிப்போடு அணிகிற வெளியூர்க்காரரை இங்கே யாரும் குறையாகப் பார்த்து நான் கண்டதில்லை. குலப்பெயர் இல்லாதவர்களுக்குக் கரும்பச்சையும் நீலமுமான பிளாக் வாட்ச் டார்டன் போதும். பால்மோரல் டார்டனை மட்டும் தொடாதீர்கள். அது அரச குடும்பத்துக்கு உரியது.

சிரித்து மழுப்புவது

இதைச் சொல்லித் தர எனக்கு யாரும் இருக்கவில்லை. இரவில், குடித்திருக்கும் கூட்டத்தில், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கக் கில்ட்டைத் தூக்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆண்களும் செய்கிறார்கள், பெண்களும் செய்கிறார்கள். எனக்கு அது மூன்று முறை நடந்தது. மூன்று முறையும் சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்து தூக்கம் பிடிக்கவில்லை. அது விளையாட்டு என்று உங்களை நம்பவைப்பார்கள். சம்மதமில்லாமல் ஒருவர் உடையைத் தூக்குவதும் அடியில் கேமராவை நீட்டுவதும் ஸ்காட்லாந்தில் குற்றம். உடுத்தியிருப்பவர் ஆண் என்பதால் அது மாறிவிடாது. இப்போது நான் சிரிப்பதில்லை. எல்லோர் காதிலும் விழும்படி, "கையை எடுங்கள்" என்கிறேன்.