நையாண்டி எழுத வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மனிதர்களின் போலித்தனத்தைக் கிண்டலடித்து எழுதும் ஆசையோடு வருகிற இளைஞர்களின் கட்டுரைகளை வாங்கிப் படித்துத் திருத்திக் கொடுப்பது என் வழக்கம். எழுத வந்த காலத்தில் நாங்கள் சறுக்கிய அதே இடங்களில்தான் அவர்களும் சறுக்குகிறார்கள். எழுத்துப்பிழை, பழைய ஜோக் இதையெல்லாம் விட்டுவிடுகிறேன். எழுத எழுதச் சரியாகிவிடும்.

"மனுஷனே இப்படித்தான்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. எல்லாரும் சுயநலக்காரர்கள், உறவெல்லாம் வேஷம் என்று எழுதினால் படிக்கிறவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். யாருக்கும் உறைக்காது. எழுதியவருக்குத்தான் பெரிய நஷ்டம். உலகமே மோசம் என்று முடிவுகட்டியவர் அப்புறம் எதையும் உற்றுப் பார்ப்பதில்லை.

நாகப்பட்டினத்துக் காத்தான் சத்திரத்தில் சோறு தாமதமானபோது, காளமேகப் புலவர் தருமமெல்லாம் பொய் என்று பாடவில்லை. பொழுது சாயும்போது அரிசி வரும். குத்தி உலையிலிடும்போது ஊர் அடங்கும். ஓர் அகப்பைச் சோறு இலையில் விழும்போது விடிவெள்ளி முளைக்கும் என்றார். வசைச்சொல் ஒன்றுகூடக் கிடையாது. பசியோடு இரவெல்லாம் உட்கார்ந்திருந்தவன் பார்த்தது மட்டும்தான் இருக்கிறது.

அண்மையில் ஒரு தம்பி, பணத்துக்குத்தான் மரியாதை என்று ஒரு பக்கம் எழுதி வந்தார். "எங்கே பார்த்தீங்க?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, ஊர்க் கல்யாணத்தில் மொய் எழுதிய பெரியவரைப் பற்றிச் சொன்னார். 201 ரூபாய் கொடுத்தவரிடம் நோட்டிலிருந்து தலை நிமிராமலே "ஊரு? பேரு?" என்றாராம். 5,001 வந்ததும் பேனாவை மூடிவைத்து எழுந்து நின்று, "சாப்பிட்டீங்களா மாமா? டேய், மாமாவைப் பந்தியில உக்கார வை" என்றாராம்.

"இதை ஏன் எழுதலை?"

"இது சின்ன விஷயம்தானே சார்."

அந்தச் சின்ன விஷயத்தைத்தான் எழுத வேண்டும். பெரியவர் பேனாவை மூடிவிட்டால் மரியாதை பற்றிய ஒரு பக்கமும் தேவையில்லை.

விளக்கம் சொல்லிக் கெடுப்பது

அங்கதத்தை, அதாவது நையாண்டியை, தொல்காப்பியம் இரண்டாகப் பிரிக்கிறது: நேராக ஏசும் செம்பொருள், மறைத்து ஏசும் பழிகரப்பு. இரண்டாவதற்கு ஔவையைப் படியுங்கள், புறநானூறு 95. அதியமானுக்காகத் தூது போனவருக்கு எதிரி மன்னன் தொண்டைமான் தன் ஆயுதங்களைக் காட்டுகிறான். இவை மயிற்பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசிக் காவல் உள்ள மாளிகையில் இருக்கின்றன, அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார் ஔவை. நீ போரே பார்க்காதவன் என்று அடுத்த வரி சேர்த்திருந்தால் பாட்டு அங்கேயே செத்திருக்கும்.

வசதி இல்லாதவரைக் கிண்டல் செய்வது

வேண்டவே வேண்டாம்.

ஆளைக் காட்டிக்கொடுப்பது

தெரிந்தவரைப் பற்றி எழுதினால் ஊர், தொழில், உறவுமுறை மூன்றையும் மாற்றிவிடுங்கள். அவர் வீட்டுப் பிள்ளைகளும் அதைப் படிப்பார்கள்.