கெண்டைக்கால் பிடித்தால் முழங்காலை மடக்காதீர்கள்

ஆட்டத்தின் நடுவே கெண்டைக்கால் சதை பிடித்துக்கொண்டால், உட்கார்ந்து முழங்காலை முழுசாக நீட்டி, பாதத்தின் முன்பகுதியை உங்களை நோக்கி மெதுவாக இழுத்து 20–30 விநாடி அப்படியே வைத்திருங்கள். வெடுக்கென்று இழுக்கக் கூடாது. கை எட்டாவிட்டால் ஒரு துண்டைப் பாதத்தில் மாட்டி இழுக்கலாம்.

பலரும் முழங்காலை மடக்கிக்கொண்டு சதையைப் பிசைகிறார்கள். கெண்டைக்காலின் மேல்சதை முழங்காலைத் தாண்டித் தொடை எலும்பில் தொடங்கி, குதிகால் எலும்பு வரை வருகிறது; மடக்கினால் அது தளர்ந்துபோகும், இழுவை சரியாகக் கிடைக்காது. நீட்டிப் பிடித்தால், சதையை எலும்போடு இணைக்கும் தசைநாணில் உள்ள உணர்விகள் அந்த இழுவையை அறிந்து, சதையைச் சுருக்கும் நரம்புத் தூண்டலைத் தணிக்கும். கூடவே பாதத்தை நீங்களாகவும் மேலே தூக்கப் பாருங்கள்: கணைக்காலின் முன்சதை வேலை செய்யும்போது பின்சதையைத் தளரவிடுவது தண்டுவடத்தின் வழக்கம். விட்டதும் உடனே ஓடாமல் 2–3 நிமிடம் நடங்கள், இல்லாவிட்டால் மறுபடி பிடிக்கலாம்.

பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி ‘டப்’பென்று வலி வந்தால் அது பிடிப்பல்ல; சதையோ நாணோ கிழிந்திருக்கலாம். இழுக்கவே கூடாது, ஐஸ் வைத்து மருத்துவரிடம் போங்கள். வெயிலில் வியர்த்துக் கொட்டி, கால், வயிறு என்று மாறி மாறிப் பிடித்தாலும் இந்த வித்தை மட்டும் போதாது: நிழல், ஓய்வு, ஓஆர்எஸ் கரைசல் வேண்டும்.