விண்டோஸை மறுபடி நிறுவும் முன் பயாஸைப் பாருங்கள்

கணினியை ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் பூட் டிவைஸ் (விண்டோஸ் தொடங்க வேண்டிய டிஸ்க்) இல்லை என்று வந்தால், உடனே விண்டோஸை மறுபடி நிறுவக் கிளம்பாதீர்கள். விண்டோஸுக்கு முன்பே ஓடும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய், கணினி தொடங்கும் முறையான பூட் மோட், புதிய யுஇஎஃப்ஐ-யிலிருந்து பழைய லெகசிக்கு மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மாறியிருந்தால் திருப்பி வைத்து, சேவ் செய்து வெளியே வந்தால் போதும்.

இப்போதைய கணினிகளில் டிஸ்க் பெரும்பாலும் ஜிபிடி என்ற புதிய முறையில்தான் பிரிக்கப்பட்டிருக்கும். லெகசி முறையோ டிஸ்க்கின் முதல் 512 பைட்டில் பூட் நிரலைத் தேடும். ஜிபிடி டிஸ்க்கில் அந்த இடத்தில் இருப்பது பெயருக்கு ஒரு எம்பிஆர் (பழைய முறையின் பூட் பகுதி). விண்டோஸைத் தொடங்கும் உண்மையான பூட் லோடர், டிஸ்க்கின் இஎஃப்ஐ பார்ட்டிஷன் என்ற தனிப் பகுதியில் ஒரு கோப்பாகப் பத்திரமாக இருக்கிறது, அதைப் படிக்க யுஇஎஃப்ஐ வேண்டும். எம்பிஆரைச் சரிசெய்யும் ஃபிக்ஸ்எம்பிஆர் கட்டளையை எத்தனை முறை ஓட்டினாலும் பயனில்லாமல் போவது இதனால்தான்.

சந்தேகமாக இருந்தால் விண்டோஸ் நிறுவும் பென்டிரைவில் பூட் செய்து, ஷிஃப்ட்டும் எஃப்10-ம் சேர்த்து அழுத்துங்கள். வரும் கட்டளைத் திரையில் டிஸ்க்பார்ட் (diskpart), அப்புறம் லிஸ்ட் டிஸ்க் (list disk) என்று தட்டுங்கள். Gpt என்ற கடைசி நெடுவரிசையில் நட்சத்திரக் குறி இருந்தால் அது ஜிபிடி.

பழைய டெஸ்க்டாப்பில் தேதி, நேரமும் தப்பாகக் காட்டினால் பயாஸ் அமைப்புகளைக் காக்கும் சீமாஸ் பேட்டரி தீர்ந்திருக்கலாம்; பூட் மோட் தானாக மாறியதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். பெரும்பாலும் சிஆர்2032 என்ற வட்ட பேட்டரிதான், விலை சொற்பம்.

பயாஸிலேயே டிஸ்க்கின் பெயர் தெரியவில்லை என்றால் பூட் மோடை மாற்றுவது உதவாது. அது கேபிள் கோளாறாக இருக்கலாம், இல்லையேல் டிஸ்க்கே போயிருக்கலாம்.