ஸ்கூட்டர் ரயரில் எவ்வளவு காற்று? புதிதாக ஓட்டத் தொடங்கியவர்களுக்கு ஒரு செய்முறை

காற்றடிக்கும் கடையில் ஸ்கூட்டரை நிறுத்தினால் "எவ்வளவு அடிக்க?" என்று கேட்பார்கள். "அளவாக அடித்து விடுங்கள், அண்ணை" என்பதுதான் யாழ்ப்பாணத்தில் எங்களில் பலருடைய பதில். அவரும் முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் ஒரே அளவை அடித்து அனுப்பிவிடுவார். அது அவருடைய கைப்பழக்கம். உங்கள் ஸ்கூட்டரைச் செய்தவர்கள் முன்னுக்கு ஓர் அளவும் பின்னுக்கு வேறோர் அளவும் குறித்திருக்கிறார்கள். ஆள் ஏறினால் அதுவும் மாறும். ஓர் அமுக்கமானியும் சின்னக் கால்பம்பும் வீட்டில் இருந்தால் இந்த வேலையை நீங்களே செய்துவிடலாம்.

1. உங்கள் ஸ்கூட்டருக்குரிய இலக்கத்தைத் தேடுங்கள்

பாவனையாளர் கையேட்டில் இருக்கும். கையேடு தொலைந்திருந்தால் இருக்கையின் அடிப்பக்கம், பின்சில்லுக்கு அருகிலுள்ள மூடி போன்ற இடங்களில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் ஊரில் அதிகம் ஓடுகிற 110 சிசி ஹொண்டா ஸ்கூட்டர்கள் பலவற்றுக்கு முன்சில்லு 22 பி.எஸ்.ஐ (காற்றமுக்கத்தை அளக்கும் அலகு), பின்சில்லு தனியே ஓட்டினால் 29, பின்னால் ஒருவர் ஏறினால் 36. கையேட்டில் கிலோபாஸ்கலில் 150, 200, 250 என்று போட்டிருந்தாலும் அவை இதே அளவுகள்தாம். பார் (bar) என்ற அலகில் போட்டிருந்தால் 14.5 ஆல் பெருக்கிப் பி.எஸ்.ஐ ஆக்கிக்கொள்ளுங்கள். இது உதாரணம் மட்டுமே. உங்கள் வண்டியின் கையேடு வேறு சொன்னால் அதுதான் சரி.

முன்னுக்கும் பின்னுக்கும் ஏன் இந்த வித்தியாசம்? ஸ்கூட்டரில் இயந்திரம் பின்சில்லோடு ஒட்டியே இருக்கிறது. ஓட்டுபவரும் சற்றுப் பின்பக்கம் தள்ளித்தான் அமர்கிறார். பின்னால் ஏறுபவருடைய பாரம் கிட்டத்தட்ட முழுவதும் பின்சில்லின் மேல் விழுகிறது.

ரயரின் பக்கச் சுவரிலும் ஓர் அமுக்க இலக்கம் இருக்கும். அதைப் பார்த்து அடிக்கக் கூடாது. அந்த ரயர் தன் உச்சப் பாரத்தைச் சுமக்கும்போது இருக்கவேண்டிய அமுக்கம் அது. அதே சுவரில் 90/100-10 53J என்று இருந்தால், 53 என்பது 206 கிலோ வரை தாங்கும் என்பதையும், J என்பது மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்துக்கு ஏற்றது என்பதையும் குறிக்கிறது. நான்கு இலக்கத் திகதிக் குறி ஒன்றும் இருக்கும்: 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த ரயர். பழைய ஸ்கூட்டர் வாங்குபவர்கள் விலை பேசுமுன் அதைப் பார்த்துவிடுங்கள்.

2. ரயர் குளிர்ந்திருக்கும்போது அளவுங்கள்

கையேட்டில் உள்ள அளவுகள் எல்லாம் குளிர்ந்த ரயருக்கானவை. ஓடும்போது ரயர் சூடாகும், உள்ளே இருக்கும் காற்றும் சூடாகி அமுக்கம் ஏறும். ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் கூடினால் ஒன்று தொடக்கம் ஒன்றரை பி.எஸ்.ஐ வரை கூடும். எங்கள் சித்திரை வெயிலில் மதியம் நிறுத்திவைத்த ஸ்கூட்டரும் குளிர்ந்த கணக்கில் சேராது. காலையில், வண்டியை வெளியே எடுக்குமுன், நிழலில் வைத்து அளப்பதுதான் நல்லது.

சுன்னாகத்திலிருந்து ஓடிவந்து ஆஸ்பத்திரி வீதியில் அளந்துவிட்டு, "கூட இருக்கிறது" என்று காற்றைத் திறந்து விடுபவர்கள் உண்டு. மறுநாள் காலையில் அந்த ரயர் தேவையான அளவுக்குக் கீழே கிடக்கும். சூடான ரயரில் காற்றை இறக்காதீர்கள்.

3. அளவுங்கள், அடியுங்கள்

ஸ்கூட்டரை நடு ஸ்ராண்டில் நிறுத்துங்கள். வால்வு கைக்கு எட்டும் இடத்துக்கு வரும்வரை சில்லைச் சுற்றுங்கள். மூடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போடுங்கள். மணலில் வைத்தால் மணலோடுதான் திரும்பப் பூட்டுவீர்கள். அமுக்கமானியை வால்வில் நேராக, ஒரே மூச்சில் அழுத்துங்கள். சர்ரென்று சத்தம் தொடர்ந்து கேட்டால் சரியாகப் பொருந்தவில்லை, மறுபடி அழுத்துங்கள். இரண்டு முறை அளந்து ஒரே இலக்கம் வந்தால் அதை நம்பலாம்.

10 அங்குலச் சில்லுக்குள் இருக்கும் காற்று மிகக் கொஞ்சம். அதனால் பம்பை நாலைந்து தரம் மிதித்துவிட்டு அளவுங்கள், பிறகு மறுபடி மிதியுங்கள். சிறிய கசிவுகூட இந்த ரயரை வேகமாக இறக்கிவிடுவதற்கும் காரணம் இதுதான். முடிந்ததும் வால்வு நுனியில் ஒரு துளி சவர்க்கார நீர் விட்டுப் பாருங்கள். குமிழி வந்தால் வால்வின் உள்முனையை மாற்றவேண்டும். மூடியைப் பூட்ட மறக்காதீர்கள், எங்கள் புழுதிக்கு அது அவசியம்.

நைதரசன் அடிக்க வேண்டுமா என்று சிலர் கேட்கிறார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைதரசன்தான். அந்தக் காசுக்கு நல்ல அமுக்கமானி ஒன்று வாங்குங்கள்.

4. ஓட்டிப் பார்த்து வித்தியாசத்தை உணருங்கள்

அமுக்கத்தைச் சரிசெய்த பிறகு உங்களுக்குப் பழக்கமான வீதியில் ஓட்டிப் பாருங்கள். இது இலக்கத்தை உடலால் அறிந்துகொள்ளும் பாடம்.

முன்சில்லில் காற்றுக் குறைந்தால் ஹான்டில் பாரமாகும். ஒழுங்கையின் முடக்கில் திருப்பும்போது வண்டி முதலில் மறுக்கும், பிறகு திடீரென்று உள்ளே சாயும். பிறேக் பிடிக்கும்போது பாரம் முன்னுக்கு வருவதால், தளர்ந்த ரயர் றிம்மின் கீழே நெளியும். நாய் குறுக்கே ஓடுகிற நேரத்தில் அந்த நெளிவு உங்களை விழுத்தப் போதும்.

பின்சில்லில் குறைந்தால் வால்பக்கம் ஆடும். பின்னால் ஆள் இருக்கும்போது இது நன்றாகத் தெரியும். வல்லை வெளியிலோ பண்ணைப் பாலத்திலோ குறுக்கே காற்று அடிக்கும் நாளில் ஸ்கூட்டர் தள்ளாடினால் எல்லோரும் காற்றைத்தான் குறை சொல்வார்கள். குறை பாதி ரயரில் இருக்கலாம். வீட்டுக்குப் போனதும் அளந்து பாருங்கள். காற்றுக் குறைந்த ரயர் உருள்வதற்குக் கூடுதல் சக்தி தேவை, பெற்றோலும் கூடச் செலவாகும். ரயரின் இரு ஓரங்களும் நடுப்பகுதியை விட முந்தித் தேயும். பக்கச் சுவர் ஓயாமல் மடங்கி மடங்கிச் சூடேறும்.

மாரியில் இன்னொரு ஆபத்து. வெள்ளம் நிற்கும் ஒழுங்கையில் கிடங்கு எங்கே என்று தெரியாது, சின்னச் சில்லு அதில் ஆழமாக இறங்கும். ரயரில் காற்றுப் போதாவிட்டால் கிடங்கின் விளிம்பு நேராக றிம்மில் இடிக்கும். ரியூப் உள்ள ரயரில் ரியூப் நசுங்கிப் பக்கம் பக்கமாக இரண்டு துளைகள் விழும். ரியூப்லெஸ் ரயரில் றிம் நெளிந்து அந்த இடத்தால் காற்றுக் கசியும்.

அப்படியானால் கூட்டி அடித்தால் பாதுகாப்பா? இல்லை. பின்சில்லின் மேல் 100 கிலோ பாரம், அமுக்கம் 29 என்று வையுங்கள். தோராயக் கணக்கில் ரயர் நிலத்தைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 50 சதுர சென்ரிமீற்றர், ஓர் உள்ளங்கை அளவுகூட இல்லை. அமுக்கம் 45 ஆனால் அது 32 அளவுக்குச் சுருங்கும். உங்களை வீதியில் பிடித்து வைத்திருப்பது அந்தத் துண்டு ரப்பர்தான். அதிகம் அடித்த ரயர் சிறு கல்லிலும் துள்ளும், ஈரத்திலும் வீதியோரச் சரளையிலும் வழுக்கும், நடுவில் மட்டும் தேயும். முதுகும் வலிக்கும்.

5. பாரத்துக்கு ஏற்ப மாற்றுங்கள்

நல்லூர்த் திருவிழாவுக்கு மனைவியை ஏற்றிக்கொண்டு போகும் நாளில் முன்சில்லை அப்படியே விட்டுப் பின்சில்லை இருவருக்குரிய அளவுக்கு உயர்த்துங்கள். மறுநாள் தனியே வேலைக்குப் போவதானால் இறக்கவேண்டும். தினமும் பின்னால் ஆள் ஏற்றுகிறவர்கள் உயர்ந்த அளவிலேயே வைத்திருக்கலாம். 12.5 கிலோ எரிவாயு சிலிண்டரைக் கால்மிதியில் வைத்து, பின்னால் ஆளையும் ஏற்றி, பிள்ளையை முன்னால் நிற்கவைத்து ஓடுகிற காட்சியைக் காங்கேசன்துறை வீதியில் காணலாம். அதற்கு எந்தக் காற்றும் உதவாது.

6. வாரம் ஒரு தரம்

ஞாயிறு காலை என்று ஒரு நேரம் வையுங்கள். அளந்ததைத் தொலைபேசியில் குறித்துவையுங்கள். ஒரு நல்ல ரயர் மாதத்தில் ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ தானாகவே இழக்கும். ஒரு சில்லு மட்டும் வாரத்துக்கு மூன்று நான்கு இறங்கினால் ஆணி, வால்வு, றிம் மூன்றில் ஒன்றில் கோளாறு.

ஓடும்போதே காற்று இறங்கினால்

ஹான்டிலை இறுகப் பிடித்து, முறுக்கை (அக்சிலேற்றரை) மெதுவாக விட்டு, இடப்பக்கம் நேராக ஒதுங்குங்கள். காற்றுப் போன சில்லின் பிறேக்கைப் பிடிக்காதீர்கள், மற்றதை மென்மையாகப் பிடியுங்கள். பல புதிய ஸ்கூட்டர்களில் இடக்கைப் பிறேக் இரண்டு சில்லையும் சேர்த்துப் பிடிக்கும் என்பதால், பின்சில்லு இறங்கினால் வலக்கைப் பிறேக்கைத்தான் நம்பவேண்டும். உங்களுடையது எந்த வகை என்பதை இன்றே கையேட்டில் பாருங்கள்.

ரியூப்லெஸ் ரயரில் ஆணி தெரிந்தால் வீதியில் வைத்துப் பிடுங்காதீர்கள். ஆணி இருக்கும்வரை காற்று மெதுவாகத்தான் போகும். அடித்து அடித்துக் கடைவரை மெல்ல ஓட்டிப் போகலாம். துளை தரையைத் தொடும் பகுதியில் இருந்தால் ஒட்டலாம். பக்கச் சுவரில் இருந்தால் கடைக்காரர் "ஒட்டித் தருகிறேன், தம்பி" என்று எவ்வளவு அன்பாகச் சொன்னாலும் புது ரயர்தான் போடவேண்டும்.