பாறைக்குளம் பார்க்க நேரம் பார்த்துப் போங்கள்

கடற்கரைச் சுற்றுலாவில், கடல் உள்வாங்கும்போது பாறை இடுக்குகளில் நீர் தேங்கி நிற்கும் பாறைக்குளங்களில், நட்சத்திர மீன், பூப்போல் இருக்கும் கடல் சாமந்தி என்ற உயிரி, காலிச் சங்குக்குள் குடியிருக்கும் துறவி நண்டு எல்லாவற்றையும் முழங்கால் நனையாமலே பார்க்கலாம். பாறைகள் உள்ள கரையாகப் பார்த்து, கடல் உள்வாங்கும் நேரத்தில் போக வேண்டும், அவ்வளவுதான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் இன்னும் தூரம் உள்வாங்கும். கடல் நீர் ஏறி இறங்கும் நேரத்தைச் சொல்லும் அன்றைய ஓத அட்டவணையை இணையத்தில் பார்த்து, நீர் மிகத் தாழும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். நீர் ஏறத் தொடங்கியதும் கிளம்பிவிடுங்கள். வந்த வழி பின்னால் மூடிக்கொள்வது தெரியாது.

குளத்தின் மேல் உங்கள் நிழல் விழாதபடி ஓரமாகக் குந்தி, கொஞ்ச நேரம் அசையாமல் இருங்கள். வெறும் சங்கு என்று நினைத்தது கால் நீட்டி நடக்கத் தொடங்கும், பாருங்கள்! படம் எடுப்பதற்காக நட்சத்திர மீனை வெளியே தூக்காதீர்கள். அது நீரிலிருந்துதான் சுவாசிக்கிறது. கல்லைப் புரட்டினால் மெதுவாகப் பழையபடியே வையுங்கள். அடியில் முட்டைகள் ஒட்டியிருக்கலாம், வெயில் பட்டால் காய்ந்துவிடும்.

அப்புறம், வெப்பமண்டலக் கடற்கரைகளில் அழகான கூம்பு வடிவச் சங்கு கிடந்தால் கையில் எடுக்கவே வேண்டாம். உள்ளே நத்தை உயிரோடு இருந்தால் கொட்டிவிடும். சில இனங்களின் விஷம் ஆளையே கொன்றுவிடும்.