முகூர்த்தத்துக்கு நாயனம் வாசிக்கப் போகும் தம்பிக்கு

முதலில் சீவாளியை, அதாவது நாயனத்தின் முனையில் செருகி ஊதும் நாணல் துண்டைக் கவனி. திருவாவடுதுறையில் கொருக்கைத் தட்டையில் செய்கிறார்களே, அதில் குறைந்தது நான்கு கையில் இருக்கட்டும். புதியதை நேராக மண்டபத்துக்கு எடுத்துப் போகாதே. வீட்டில் ஊதிப் பழக்கிவிட்டு எடு. ஒருமுறை தாலி கட்டும் நேரத்தில் என் சீவாளி பிளந்துவிட்டது. இன்னொன்று கூடவே தொங்கியதால் கெட்டிமேளம் தப்பியது.

தேதி ஒத்துக்கொள்ளும்போதே அச்சாரம் வாங்கு. தவில்காரர், தாளம் போடுகிறவர் பங்கையும் அப்போதே பேசிவிடு. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இருக்காது. தை, வைகாசி, ஆவணியில் வருவதைத்தான் சேர்த்து வைக்க வேண்டும்.

ஊஞ்சலில் ஆனந்த பைரவி ராகத்தை அவசரமில்லாமல் எடு. ஆனால் ஒரு கண் புரோகிதர் கைமேல் இருக்கட்டும். அவர் விரல் அசைத்தால், எந்தச் சங்கதியில் இருந்தாலும் விட்டுவிட்டுக் கெட்டிமேளம்தான்.

எனக்கு உயிர் சுவாமி புறப்பாடு. கம்பீர நாட்டை ராகத்தில், புறப்பாட்டுக்கென்றே வாசிக்கும் மல்லாரியை எடுத்ததும் பல்லக்குத் தூக்கிகளின் தோள் அந்த நடைக்கே அசையும். முப்பது வருஷமாக வாசிக்கிறேன், இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கிறது. நாலு வீதியும் சுற்றி முடிக்க நடுராத்திரி ஆகும். வழியில் யாராவது பால் கொடுத்தால் சூடாக இருந்தால் குடி, குளிர்ந்ததைத் தொடாதே.